150 மில்லிமீட்டர் வரும்வரை லயத்தில் இருக்கலாமா?

பீலிக்கரை | ஏப்ரல் 6, இரவு 8.12

இலங்கை மலைநாட்டில் மண்சரிவு எச்சரிக்கை வரும்போதெல்லாம் மூன்று எண்கள் காதில் விழுகின்றன. 24 மணித்தியாலத்துக்குள் 75 மி.மீ. மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் சிவப்புத்தான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் இப்போது இதை வைத்தே பேச்சு: "இன்னும் நூத்தம்பது ஆகலையே, படுங்க." இது சரியா? இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? மே மாத மழையில் நனைகிற வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்துக்கும் ஐப்பசி மழையில் நனைகிற ஊவாவுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

பாறைமண் | ஏப்ரல் 6, இரவு 10.40

சரியே இல்லை. 150 என்பது உங்கள் மலை தாங்கும் அளவு அல்ல. ஒரு மாவட்டம் முழுவதற்கும் முடிவெடுக்க வைத்த கோடு. அதற்குக் கீழேயும் மலைகள் இறங்கியிருக்கின்றன, அதற்கு மேலே மழை பெய்தும் அசையாமல் நின்றிருக்கின்றன.

எங்கிருந்து வந்தது என்றால், இந்த வகை எல்லைக் கோடுகளுக்கு அடிப்படை ஒன்றுதான்: நடந்த சரிவுகளின் மழைக் கணக்கைச் சேர்த்து, எந்த அளவுக்குக் கீழே சரிவு நடக்கவில்லை என்று பார்ப்பது. 1980இல் கெய்ன் என்ற ஆய்வாளர் உலகின் பல பகுதிகளிலிருந்து 73 சரிவுகளை எடுத்து ஒரு கோடு போட்டார். மழை நீடித்த மணித்தியாலங்களை 0.39ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 14.82ஐ அதனால் வகுத்தால், மணித்தியாலத்துக்கு எத்தனை மி.மீ. என்ற எல்லை வரும். போட்டுப் பாருங்கள்: ஒரு மணித்தியாலத்துக்கு 15 மி.மீ., 24 மணித்தியாலத்துக்கு மொத்தம் 103, 72 மணித்தியாலத்துக்கு மொத்தம் 201.

2008இல் குஸெட்டியும் அவர் குழுவினரும் 2,600க்கும் மேற்பட்ட சரிவுகளை வைத்து இதையே திரும்பச் செய்தார்கள். கோடு கீழே விழுந்துவிட்டது: 24 மணித்தியாலத்துக்கு 13 மி.மீ. அளவுதான். அந்த 13ஐ வைத்து எச்சரிக்கை விட்டால் மழைக்காலத்தில் தினமும் ஊரைக் கிளப்ப வேண்டிவரும், ஒரு வாரத்தில் யாரும் எழும்ப மாட்டார்கள். வீணாக ஊரைக் கிளப்புவதற்கும் கிளப்பாமல் விட்டு ஆட்கள் சாவதற்கும் நடுவில் எங்கோ ஒரு எண்ணை வைத்தாக வேண்டும். 75, 100, 150 அப்படி வைக்கப்பட்டவை. எண்ணை மதியுங்கள். ஆனால் 149 வரை பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தம் சொல்லாதீர்கள்.

ஊவாச்சாரல் | ஏப்ரல் 7, காலை 6.05

பாறைமண் சொன்னதோடு மண்ணுக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். மலையை இறக்குவது வானத்திலிருந்து விழுந்த மழை அல்ல, மண்ணுக்குள் ஏறி நிற்கிற தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் சில மணித்தியாலமும் இருக்கலாம், சில நாட்களும் இருக்கலாம்.

கணக்கோடு காட்டுகிறேன். சரிவு 35 பாகை. பாறைக்கு மேல் மண் 2 மீட்டர். மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன். உராய்வுக் கோணம் 30 பாகை. மண்ணின் ஒட்டும் வலு 8 கிலோபாஸ்கல், இதில் வேர்ப் பிடிப்பும் அடக்கம். நம் மலைகளின் சிதைந்த மண்ணுக்கு இவை எடுத்துக்காட்டாகப் போதும். கீழே இழுக்கும் விசை சதுர மீட்டருக்கு 16.9 கிலோநியூட்டன். பிடித்து நிறுத்தும் விசை, மண் காய்ந்திருக்கும்போது, 8ஓடு 13.9 சேர்த்து 21.9. வகுத்தால் 1.30. ஒன்றுக்கு மேல் இருப்பதால் மலை நிற்கும்.

தண்ணீர் பாறையிலிருந்து 1 மீட்டர் ஏறினால் அதே கணக்கு 1.07 ஆகிறது. மேல்மட்டம் வரை நிறைந்தால் 0.85. ஒன்றைத் தொடுகிற இடம் 1.3 மீட்டரில். அதாவது நிலத்துக்கு 70 செ.மீ. கீழே தண்ணீர் நிற்கும்போதே அந்தச் சரிவு போய்விடும். மேலே நடந்து போகிறவருக்குக் கால் சேறுபடாது, ஒன்றும் தெரியாது.

மழைக்கு முன்னாலேயே அந்த 1 மீட்டர் ஏறிவிட்டிருந்தால் மிச்சம் 30 செ.மீ.தான். இந்த மண்ணில் காலியாக இருக்கும் துளைவெளி பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 30 செ.மீ. ஏற 30 மி.மீ. மழை உள்ளே இறங்கினால் போதும். இப்போது சொல்லுங்கள், 150க்குக் காத்திருக்கலாமா?

நாலாம்நம்பர் | ஏப்ரல் 7, பகல் 1.30

ஊவாச்சாரல் அண்ணே, 2 மீட்டர் மண்ணுக்கு இது சரி. ஆனால் 10, 15 மீட்டர் ஆழத்தில் வழுக்குகிற பெரிய சரிவுகளுக்கு ஒரு நாள் மழையே கணக்கில் இல்லை, வாரக்கணக்கான மழைதான் கணக்கு. வட்டவளையில் ரயில் பாதையையே நகர்த்திய சரிவு அந்த ரகம். அதை நிலத்தடி நீரை வடித்துத்தான் அடக்கினார்கள். மலைக்குள் கிடையாகத் துளையிட்டு, ஓட்டை போட்ட குழாய்களைச் செருகித் தண்ணீரை வெளியே எடுப்பது முறை. மண் சுவர் கட்டி அந்த அளவு நிலத்தைத் தடுக்க யாராலும் முடியாது.

இன்னொரு விஷயம். நம் நாட்டில் மழை நாள் என்பது காலை 8.30க்கு 8.30. தோட்டத்து மழைப் பதிவேட்டிலும் பொதுவாக அப்படித்தான். பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்குள் 70 மி.மீ. பெய்கிறது. 8.30 முதல் 2 மணி வரை இன்னொரு 70. பதிவேட்டில் இரண்டு நாளும் தனித்தனியாக 70, மஞ்சளைக்கூடத் தொடவில்லை. உண்மையில் 24 மணித்தியாலத்துக்குள் 140 பெய்துவிட்டது. ஆகவே மழை நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அளந்து, கடைசி எட்டு அளவுகளைக் கூட்டுங்கள். புதிய அளவு வரும்போது மிகப் பழையதைக் கழித்துவிடுங்கள். கொப்பியில் இரண்டு நிரல் போதும்.

பீலிக்கரை | ஏப்ரல் 7, இரவு 9.20

நன்றி. அடுத்தது: எங்கள் டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) மிகப் பக்கத்து மழைமானி பெக்டரியில் இருக்கிறது, நடுவில் ஒரு மலை முகடு. அதை நம்பலாமா? லயத்திலேயே ஒன்று செய்ய முடியுமா? காசு அதிகம் இல்லாமல்.

நாலாம்நம்பர் | ஏப்ரல் 8, காலை 7.15

முகட்டுக்கு அந்தப் பக்கத்து மானியை நம்ப வேண்டாம். காற்று வருகிற பக்கம் கொட்டும்போது மறைவுப் பக்கம் தூறலோடு போகும்.

செய்வது சுலபம். பிழை போகிற இடங்கள் நாலு, அவற்றைக் கவனியுங்கள்.

இரண்டு லீட்டர் சோடாப் போத்தல் ஒன்று எடுங்கள். இடுப்பு ஒடுங்கியது வேண்டாம், நேர்ச்சுவராக இருக்க வேண்டும். தோள்பட்டை வளையத் தொடங்கும் இடத்தில் சுற்றி வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாக உள்ளே செருகுங்கள். மழைத்துளி தெறித்து வெளியே போகாது, வெயிலில் ஆவியாவதும் குறையும். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் நேர்ச்சுவர் தொடங்கும் உயரம் வரை சீமெந்துக் கலவை ஊற்றி மட்டமாக்குங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம். பிளாஸ்டிக் அடிமட்டம் ஒன்றை அங்கிருந்து மேலே ஒட்டிவிடுங்கள். வாயும் உடம்பும் ஒரே விட்டம் என்பதால் அடிமட்டத்தில் காட்டும் மி.மீ.யே மழையின் மி.மீ.

பிழை ஒன்று: கூரை ஓரத்திலும் மரத்தடியிலும் வைப்பது. பக்கத்தில் இருக்கிற மரமோ சுவரோ எத்தனை உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். இரண்டு: நிலத்தில் வைப்பது. தரையில் விழுந்த துளி தெறித்து உள்ளே போகும், வாய் முப்பது செ.மீ.க்காவது மேலே இருக்கட்டும். மூன்று: சாய்ந்து நிற்பது. நாலாவதுதான் பெரியது: நிரம்பி வழிவது. செருகிய துண்டு இடத்தைப் பிடிப்பதால் இந்தப் போத்தலில் 100 மி.மீ.க்குச் சற்று மேலேதான் கொள்ளும். 80 தாண்டியதும் எழுதிவிட்டு ஊற்றி வெறுமையாக்குங்கள்.

பாறைமண் | ஏப்ரல் 8, மாலை 5.50

புனல் வைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அங்கே ஒரு பொறி உண்டு. 15 செ.மீ. விட்டமுள்ள புனலின் வாய்ப் பரப்பு 177 சதுர செ.மீ. அதில் 1 மி.மீ. மழை என்றால் 17.7 மில்லிலீட்டர் தண்ணீர். கீழே இரண்டு லீட்டர் போத்தலை வைத்தால் 113 மி.மீ.யில் நிரம்பிவிடும். செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில், சரியாகத் தேவைப்படுகிற நேரத்தில், மானி கண்ணை மூடிக்கொள்கிறது. காலையில் நிரம்பிய போத்தலைப் பார்த்து "113 பெய்திருக்கிறது" என்று எழுதுவார்கள். பெய்தது 200ஆகவும் இருக்கலாம். ஐந்து லீட்டர் கேன் வையுங்கள், 280 வரை தாங்கும். 10 செ.மீ. புனல் என்றால் 1 மி.மீ.க்கு 7.9 மில்லிலீட்டர், இரண்டு லீட்டரே 250 வரை போதும். அளக்க, மில்லிலீட்டர் கோடு போட்ட, குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தல் போதுமானது.

முகட்டில் வைத்த மானி காற்றினால் குறைத்தே காட்டும். சந்தேகம் வந்தால் கூட்டிக் கணக்கிடுங்கள், குறைத்து வேண்டாம்.

ஊவாச்சாரல் | ஏப்ரல் 9, காலை 5.40

இனி அந்தக் கொப்பியில் மூன்றாவது நிரல் ஒன்று சேருங்கள். மண் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதற்கு எளிய அளவுகோல்: நேற்றைய தொகையை 0.84ஆல் பெருக்கி, இன்றைய மழையைக் கூட்டுவது. பல ஆய்வுகளில் வழங்குகிற எண் 0.84. அதன்படி நாலு நாளில் பழைய மழையின் கனம் பாதியாகும். கடும் களிமண்ணுக்கு இன்னும் மெதுவாகக் குறைகிற 0.9 பொருந்தலாம், வடிகிற மண்ணுக்கு 0.8. உள்ளூர்ச் சரிவுகளோடு ஒப்பிட்டுத்தான் சரியான எண்ணுக்கு வர முடியும்.

தொடர்ந்து ஐந்து நாள், நாளுக்கு 40 மி.மீ. பெய்தால் தொகை 145க்கு வந்துவிடும். எந்த நாளும் மஞ்சளைத் தொட்டிருக்காது. பத்து நாள் காய்ந்த பின் ஒரே நாளில் 100 பெய்தால் தொகை 100ஐச் சற்றுத்தான் தாண்டும், ஆனால் எச்சரிக்கை செம்மஞ்சள். ஆழமான மண்ணுக்கு முதலாவதுதான் மோசம்.

பீலிக்கரையின் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை மண் நனைந்தே கிடக்கும், அதற்கு மேல் வருகிற ஒரு பெருமழைதான் ஆபத்து. ஊவாவில் ஓகஸ்ட் வரை காய்ந்து வெடித்த நிலத்தில் ஐப்பசி மழை நேராக வெடிப்புக்குள் இறங்குகிறது. எண் ஒன்றானாலும் மலை அந்த எண்ணுக்கு வந்து சேர்கிற வழி வேறு.

தேயிலைத்தூர் | ஏப்ரல் 11, மாலை 6.30

எல்லாரும் மழையையே பேசுகிறீர்கள். லயம் எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி என்பது என் கருத்து.

மீரியபெத்தையை எடுங்கள். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தைக்கு மேலே. செங்குத்தான மலைமுகத்தின் அடியில் லயங்கள். கேரளத்தில் பெட்டிமுடி, 2020 ஓகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணோடு போயின, 70 உயிர்கள். வயநாட்டில் 2024 ஜூலை 30 விடியும் முன், முண்டக்கையும் சூரல்மலையும். இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று: மேலே செங்குத்து மலை, கீழே ஓடையை ஒட்டிக் குடியிருப்பு. மலைநாட்டில் சமதரை அரிது. தோட்டம் போட்டபோது நல்ல நிலம் தேயிலைக்குப் போனது, ஆட்களுக்குக் கிடைத்தது மிச்ச நிலம். செங்குத்து மலைக்கு அடியில் தட்டையாகக் கிடக்கிற நிலம் பல இடங்களில் முன்பு இறங்கிய சரிவு வந்து படிந்த நிலம்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கான் (வடிகால்) வெட்டிய இடத்தில் மண்ணின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். இருந்த இடத்திலேயே சிதைந்த மண் என்றால் பாறையின் வரி மண்ணிலும் தொடர்ந்து ஓடும், ஆழம் போகப் போகக் கடினமாகும். வந்து படிந்த மண்ணில் வரி இருக்காது. கூர்முனை மழுங்காத கற்கள், முட்டையளவும் ஆளுயரமும் கலந்து, எந்தப் பக்கமும் பார்த்துக் கிடக்கும், நடுவில் குழைந்த மண். சில இடங்களில் அடியில் பழைய கறுத்த மேல்மண்ணே புதைந்து தெரியும். அதைக் கண்டால் அந்த நிலத்துக்கு மலை ஒரு தடவை வந்து போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வலய வரைபடங்கள் 1:50,000, 1:10,000 அளவுகளில் இருக்கின்றன. 1:10,000இல் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 10 மீட்டர், லயத்தின் அகலத்தைவிடப் பெரிது. வரைபடம் டிவிசனைச் சொல்லும், லயத்துப் பின்சுவரைச் சொல்லாது. இரண்டாவதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பாறைமண் | ஏப்ரல் 11, இரவு 9.05

தேயிலைத்தூர் அக்கா சொன்ன வயநாட்டைப் பற்றி ஒன்று. கடும் வானிலைக்கும் காலநிலை மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிற உலக விஞ்ஞானிகள் குழு அந்த ஒரு நாள் மழையைப் பிரதேசச் சராசரியாக 140 மி.மீ. என்று எடுத்தது. பூமி சூடானதால் அந்த மழை ஏறக்குறைய 10 சதவீதம் கூடியது என்பது அவர்கள் முடிவு. 140 என்பது நம் சிவப்புக்குக் கீழே.

நாலாம்நம்பர் | ஏப்ரல் 11, இரவு 9.48

பிரதேசச் சராசரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே மலையோரத்து மானியில் அதே நேரத்தில் 300ஐத் தாண்டியது. ஆகவே "140க்கே இறங்கியது" என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சராசரி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் முகட்டில் கொட்டுவது தெரியாது என்றுதான் சொல்லலாம். லயத்துக்கு மேலே, ஓடை தொடங்குகிற பக்கம் ஒரு மானி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பீலிக்கரை | ஏப்ரல் 13, காலை 10.00

செய்மதியிலிருந்து மலை நகர்வதைப் பார்க்கலாம் என்று படித்தேன். கணினி கற்றுக்கொண்டு அபாய வரைபடம் போடுகிறதாம், 95 சதவீதம் சரியாம். அது வந்தால் இந்தப் போத்தல் வேலை தேவைப்படாதா?

ஊவாச்சாரல் | ஏப்ரல் 13, இரவு 8.30

தேவைப்படும். இரண்டையும் தனியாகப் பார்ப்போம்.

ரேடார் செய்மதி ஒரே இடத்தை இரண்டு தடவை பார்த்து, திரும்பி வந்த அலையின் கட்ட வித்தியாசத்திலிருந்து (அலையின் ஏற்ற இறக்கம் தள்ளிப்போன அளவிலிருந்து) நிலம் எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று சொல்கிறது. பல வருடமாகப் பயன்படுகிற சென்டினல்-1இன் அலைநீளம் 5.6 செ.மீ. இந்த அலை தேயிலை இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். கொழுந்து வளர, பறிக்க, கவ்வாத்து வெட்ட, இலை மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு படங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. வீட்டுக் கூரை, பாறை, தார் ரோட்டில்தான் நல்ல அளவு கிடைக்கும். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார் செய்மதியில் 24 செ.மீ. அலை இருக்கிறது. அது இலையைத் தாண்டிக் கிளைக்கும் நிலத்துக்கும் போகும். நம் மலைகளுக்கு இதுதான் உண்மையில் புதிய வாய்ப்பு, நான் பெரிதும் எதிர்பார்க்கிற ஒன்று.

ஆனால் அது ஒரே இடத்துக்கு ஒரே கோணத்தில் திரும்ப 12 நாள் ஆகும். வடக்கு, தெற்காக இறங்கும் சரிவின் நகர்வு அதன் பார்வைக்குச் சரியாகப் படாது. மெதுவாக ஊர்ந்து இறங்கும் மலையை மாதக்கணக்கில் அடையாளம் காணலாம், எந்த லயத்தை முதலில் இடம் மாற்ற வேண்டும் என்று முடிவெடுக்கலாம். இன்றிரவு இறங்குமா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

95 சதவீதம் பற்றி: பெரும்பாலான இத்தகைய ஆய்வுகளில் தெரிந்த சரிவு இடங்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பங்கில் கற்பித்து மறு பங்கில் சோதிக்கிறார்கள். ஒரே சரிவின் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டு பங்கிலும் விழுந்துவிடுகின்றன. அது பரீட்சை வினாத்தாளைக் காட்டிப் படிப்பிப்பதுதான். பதுளையில் கற்பித்து நுவரெலியாவில் சோதித்தால் எண் இறங்கும். அப்படிச் சோதித்த ஆய்வை மட்டும் நம்புங்கள். பதிவான சரிவுகள் ரோட்டோரத்தில்தான் அதிகம் என்பதால் கணினியும் "ரோட்டுக்குப் பக்கம் ஆபத்து" என்று கற்றுக்கொள்கிறது. ரோடே இல்லாத மேற்பிரிவு லயம் வரைபடத்தில் பச்சையாக, ஆபத்தில்லாத இடமாகத் தெரியும். இது எனக்குப் பெரும் கவலை.

நாலாம்நம்பர் | ஏப்ரல் 14, காலை 11.20

தரையில் வைக்கிற கருவியும் இருக்கிறது. மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009 முதல் கம்பியில்லாக் கருவிகளை நிலத்துக்குள் புதைத்து நீரழுத்தத்தையும் நகர்வையும் பார்க்கிறது. ஜப்பானில் உச்சிமுராவும் குழுவினரும் 2015இல் எழுதிய முறை இன்னும் மலிவு: சரிவில் இரும்புத் தடியை இறக்கி, கைபேசிக்குள் இருக்கும் ரகத்துச் சாய்வுணரியை அதில் பொருத்துவது. மணித்தியாலத்துக்கு 0.01 பாகை சாய்ந்தால் கவனம், 0.1 பாகை சாய்ந்தால் எச்சரிக்கை. 0.1 பாகை என்றால் ஒரு மீட்டர் தடியின் உச்சி 1.7 மி.மீ. நகர்வது.

இங்கே என்ன கெடும்? பனிமூட்டத்தில் சூரியத் தகடு மின்கலத்தை நிரப்பாது, ஒரு வாரத்துக்குத் தாங்கும் கலம் வேண்டும். பகல் வெயிலில் தடி சூடேறிச் சாய்வு மாறியது போலக் காட்டும், பெட்டிக்கு நிழல் வேண்டும். மாடு முட்டும். மேல்மண்ணில் அரை அடி மட்டும் இறக்கினால் மழையில் தடி தானாகவே சாயும், ஒரு மீட்டர் வரை இறங்கட்டும். இவ்வளவும் செய்துவிட்டு, எச்சரிக்கை வருகிற கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காத டிவிசன்கள் எத்தனையோ. ஆகவே எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் கடைசிக் கண்ணி எப்போதும் சைரன், கோயில் மணி, அல்லது ஓடிப்போய்க் கதவு தட்டும் ஆள்.

பாறைமண் | ஏப்ரல் 14, மாலை 4.45

கருவி இல்லாதவர்களுக்கு இரண்டு ஆப்பும் ஒரு நாடாவும் போதும். நிலத்தில் வெடிப்பு தெரிந்தால் அதன் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் பக்கத்துக்கொரு இரும்புக் கம்பி, அரை மீட்டர் ஆழத்துக்கு அடியுங்கள். உச்சியில் கத்தியால் கீறுங்கள். கீறலிலிருந்து கீறலுக்கு அளந்து, நேரத்தோடு எழுதுங்கள். வெடிப்பின் வாயை மட்டும் அளக்காதீர்கள், ஓரம் உடைந்து விழுவதால் பொய்யாகக் கூடும்.

வேகத்தை அப்படியே பார்க்காமல் ஒன்றை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 1985இல் புக்குசோனோ காட்டிய முறை. ஒரு எடுத்துக்காட்டு: நாளுக்கு 2 மி.மீ., மறுநாள் 2.5, அடுத்து 3.3, அடுத்து 5. வகுத்தால் 0.5, 0.4, 0.3, 0.2. நாளுக்கு 0.1 குறைகிறது. இதே போக்கில் போனால் இன்னும் இரண்டு நாளில் பூச்சியம், அன்று மலை இறங்கும். 5 மி.மீ. என்றால் அற்பம் என்று நினைப்போம். கோடு பூச்சியத்தை நோக்கிப் போகிறதா என்பதுதான் விஷயம். நடுவில் மழை பிடித்தால் கோடு இன்னும் செங்குத்தாகும், இரண்டு நாள் இரண்டு மணித்தியாலமாகலாம்.

தேயிலைத்தூர் | ஏப்ரல் 14, இரவு 7.10

இதை ஊர்ந்து இறங்குகிற சரிவுக்கு மட்டும் வையுங்கள் என்று பெரிதாக எழுதுங்கள் தம்பி. லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு வெடிப்புக் காட்டாமலே விழும். ஓடை வழியாகச் சேறும் கல்லுமாக வருகிற பெருக்குக்கும் ஆப்பு உதவாது. அதற்கு அறிகுறி ஓடையில்தான்: கொட்டுகிற மழையில் ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தாலோ நின்றாலோ மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டது, அது உடைந்து வரப்போகிறது. ஊற்றுப் பீலித் தண்ணீர் தெளிவாக வந்துகொண்டிருந்து கலங்கினாலும் அப்படித்தான். அந்த நேரம் மானியைப் பார்க்கப் போக வேண்டாம். ஓடையின் போக்கில் கீழே ஓட வேண்டாம், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். அந்தப் பெருக்கு செக்கனுக்குப் பத்து மீட்டர் வேகத்தில்கூட வரும்.

ஊவாச்சாரல் | ஏப்ரல் 16, காலை 6.20

கான் பற்றி யாரும் எழுதவில்லையே. நம் கையில் இருப்பது அதுதான்.

பழைய நெட்டை லயம் ஒன்றின் கூரை 200 சதுர மீட்டர் என்று வையுங்கள். 150 மி.மீ. மழைக்கு அதிலிருந்து 30,000 லீட்டர் தண்ணீர் விழுகிறது. பீலி வைக்காத கூரையில் பாதி முன்வாசல் ஓரத்தில், அதாவது நிரப்பிய மண்ணின் விளிம்பில் விழும். மறு பாதி பின்பக்க மண்மேட்டின் அடியில். மலை எங்கே தண்ணீரைத் தாங்காதோ அந்த இரண்டு இடத்திலேயும் ஊற்றுகிறோம். தகரப் பீலி அடித்து, குழாய் வழியாகச் சீமெந்துக் கானுக்குக் கொண்டுபோய், கல் பாவிய ஓடையில் விடுங்கள். சரிவின் நடுவில் விட்டுவிட்டால் செய்யாததைவிடக் கெடுதி.

சீமெந்துக் கான் வெடித்திருந்தால் அது கானே அல்ல, மலைக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய். மழைக்காலத்துக்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழ்முனையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பாருங்கள். பாதி காணாமல் போனால் எங்கே போனது என்று தேடி, வெடிப்பை விரித்துச் சுத்தம் செய்து, மணலும் சீமெந்தும் மூன்றுக்கு ஒன்று சேர்த்து அடையுங்கள். நிலத்து வெடிப்பைக் களிமண்ணால் இடித்து நிரப்பி, மேலே பொலித்தீன் விரித்து, மேற்பக்கத்தில் ஒரு சிறு கான் வெட்டி நீரைத் திருப்புங்கள். வெடிப்பை மூடிவிட்டதால் ஆபத்து போய்விட்டதென்று இல்லை, தண்ணீர் போவது மட்டும் குறையும். ஆப்பு அளவை நிறுத்தக் கூடாது. உடைந்த குடிநீர்க் குழாயும், மேட்டின் தலையில் தோண்டிய மலக்குழியும் மழை இல்லாத நாளிலும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

நாலாம்நம்பர் | ஏப்ரல் 16, பகல் 12.40

மரத்தையும் சேருங்கள் அண்ணே. உங்கள் முதல் கணக்கில் ஒட்டும் வலு 8. அதில் வேர்ப் பங்கு 3 என்று வைத்து, மரம் வெட்டியபின் அதைக் கழித்தால், தண்ணீர் 1 மீட்டர் ஏறியபோது 1.07 இருந்த இடத்தில் 0.90 வருகிறது. வெட்டிய அன்று இது நடக்காது. வேர் மண்ணுக்குள் உளுத்துப்போகச் சில வருடம் ஆகும், அதனால்தான் மரம் வெட்டியதையும் மலை இறங்கியதையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வெட்டிய இடத்தில் வெட்டிவேர் நட்டால் ஓரிரு வருடத்தில் இரண்டு, மூன்று மீட்டர் இறங்கும், ஆனால் பத்து மீட்டர் ஆழச் சரிவை அது தொடாது.

பீலிக்கரை | ஏப்ரல் 18, இரவு 9.30

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்று கேட்கிறேன். கொப்பியில் எண் இருக்கிறது, மண் தொகை இருக்கிறது. எங்கே கோடு போடுவது?

பாறைமண் | ஏப்ரல் 18, இரவு 10.55

செங்குத்துக்கு அடியில், அல்லது ஓடையோரத்தில், அல்லது வெட்டிய மேட்டை ஒட்டிய லயம் என்றால்: ஓடும் 24 மணித்தியாலக் கூட்டு 75ஐத் தொட்டதும் வயதானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகளை இருட்டும் முன் நகர்த்துங்கள். 100 என்றால் எல்லாரும். கொப்பியின் மூன்றாவது நிரலில் உள்ள மண் தொகை 120ஐத் தாண்டியிருந்தால் இரண்டையும் ஒரு படி கீழே இறக்குங்கள், 75க்கே எல்லாரும். இது என் தீர்மானம், அரசாங்க எண் அல்ல. அதிகாரபூர்வ எச்சரிக்கை அதற்கு முன்னால் வந்தால் அதுதான் சட்டம். புதிய வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, கலங்கிய ஊற்று, நின்ற ஓடை, இவற்றில் ஒன்று கண்டால் எந்த எண்ணையும் பார்க்க வேண்டாம். வெளியேறிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மலைகளை உடைத்தபோது மின்சாரமும் தொலைபேசியும் ரோடும் சேர்ந்தே போயின. ஆகவே போகிற இடம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த இடமும் அங்கே போகிற வழியும் ஓடையைக் கடக்கக் கூடாது.

தேயிலைத்தூர் | ஏப்ரல் 19, காலை 7.00

இரவு இரண்டு மணிக்கு மானியைப் பார்ப்பது யார் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். மழை நாளில் வீட்டுக்கு ஒருவர், மூன்று மணித்தியாலம், டோர்ச்சும் கொப்பியும் கைமாறட்டும். பகலில் வேலைக்குப் போகிற பெண்களிடமே இரவு முறையையும் தள்ளிவிடாதீர்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும், தோட்டத் துரைக்கும் ஒரு பிரதி.

பீலிக்கரை | ஏப்ரல் 19, இரவு 8.15

பட்டியல் எழுதியாயிற்று, ஆண்கள் ஒன்பது பேர், பெண்கள் ஐந்து பேர். மானி இரண்டு: ஒன்று லயத்து முற்றத்தில், மற்றது ஓடை தொடங்கும் மேட்டில். மேட்டு மானிக்கு இருட்டில் ஏற வேண்டாம், புனலிலிருந்து குழாய் இழுத்துக் கீழே கேனில் சேர்க்கலாமா? தூரம் 60 மீட்டர் இருக்கும்.

நாலாம்நம்பர் | ஏப்ரல் 19, இரவு 8.52

வேண்டாம். அரை அங்குலக் குழாயின் உள் விட்டம் 13 மி.மீ. என்று வைத்தாலும் 60 மீட்டரில் 8 லீட்டர் கொள்ளும். 15 செ.மீ. புனலுக்கு அது 450 மி.மீ. மழை. முதல் மழை முழுக்கக் குழாய்ச் சுவரை நனைப்பதிலும் வளைவுகளில் தேங்குவதிலும் போய்விடும், கீழே வருவது பிந்தியும் குறைந்தும் வரும். மேட்டு மானியை இருட்டும் முன் ஒரு தடவையும் விடிந்ததும் ஒரு தடவையும் பாருங்கள். முற்றத்து மானியோடு எத்தனை மடங்கு வித்தியாசம் என்று இரண்டு மூன்று மழைக்கு எழுதி வைத்தால், இரவில் முற்றத்து எண்ணை அந்த மடங்கால் பெருக்கிக்கொள்ளலாம். மடங்கு மழைக்கு மழை மாறினால் பெரியதையே எடுங்கள்.